மேம் எமுலேட்டர்: ஒரு கேம் கடைக்காரர் மகளின் எட்டு மாத அனுபவம்

எங்கள் அப்பா 1994 முதல் 2003 வரை திண்டுக்கல்லில் வீடியோ கேம் கடை நடத்தினார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம். நான்கு மிஷின். ஒரு ரூபாய் காயின் போட்டால் ஒரு ஆட்டம். பள்ளி விட்டு வந்ததும் கல்லாவில் உட்கார்ந்து பத்து ரூபாய் நோட்டுக்குச் சில்லறை எண்ணித் தருவது என் வேலை. ஆட வருகிறவர்கள் எல்லாம் பையன்கள். நான் ஆடுவது ஞாயிற்றுக்கிழமை காலையில், கடை திறப்பதற்கு முன்னால். அப்பா மிஷினைத் துடைத்துக்கொண்டிருப்பார், நான் ஸ்டூல் மேல் நின்று ஆடுவேன்.

கடையை மூடியபோது பெட்டிகளையும் டிவிகளையும் எடைக்குப் போட்டுவிட்டார். ஆட்டத்தின் சிப்கள் பொருத்திய இரண்டு கேம் போர்டுகளையும் ஒரு காயின் வாங்கியையும் மட்டும் தகரப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றினார். இப்போது அப்பா என்னோடு கோயம்புத்தூரில் இருக்கிறார், பெட்டியும் கூடவே வந்தது. போன எட்டு மாதமாக அந்தப் பழைய ஆட்டங்களை வீட்டுக் கணினியில் மேம் என்ற மென்பொருளில் ஓட்டுகிறோம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மேம் என்பது மல்டிபிள் ஆர்கேட் மெஷின் எமுலேட்டர் என்பதன் சுருக்கம். நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர் 1997 பிப்ரவரியில் முதல் பதிப்பை வெளியிட்டார். இப்போது உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள், ஏறக்குறைய மாதம் ஒரு பதிப்பு வருகிறது. 2016லிருந்து முழுக்கத் திறந்த மூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது.

இதைப் பலரும் கேம் ஆடும் மென்பொருள் என்று நினைத்துத் திறக்கிறார்கள். நானும் அப்படித்தான் திறந்தேன். ஆனால் இது செய்வது வேறு வேலை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மிஷினுக்குள் ஒரு 68000 பிராசசர், ஒலிக்குத் தனியாக ஒரு இசட்80, ஒரு யமஹா இசைச் சிப், குரலுக்கும் அடிச் சத்தத்துக்கும் ஒரு ஓக்கி சிப் இருந்தன. இவை ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்ததோ அதை மென்பொருளில் செய்து காட்டுகிறது மேம். பழைய சிப்களில் இருந்த அதே நிரல் அதன்மேல் ஓடுகிறது. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மீதி இருப்பவை வேகம் பிடிக்கும். அன்றைய 8080 பிராசசருக்கு வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் வந்த வேகம் அது. மேமிலும் அது அப்படியே வருகிறது, யாரும் தனியாக எழுதிச் சேர்க்கவில்லை. பேக்மேனில் 256ஆவது சுற்றில் திரையின் வலது பாதி குழம்பிப்போகும். மூல நிரலின் பிழை அது, மேமிலும் குழம்பும். எனக்கு இந்த மென்பொருள் மேல் மதிப்பு வந்ததே இதனால்தான்.

சரி, முதலில் நான் ஏமாந்த கதை. மேமுக்கு வருவதற்கு முன்னால் ஒரு கடையில் 'பத்தாயிரம் கேம்' என்று அட்டையில் அச்சடித்த ரெடிமேட் பெட்டி ஒன்று வாங்கினேன். 6,500 ரூபாய். டிவியில் மாட்டி ஸ்ட்ரீட் ஃபைட்டர் போட்டதும் அப்பா சோபாவிலிருந்தே கேட்டார்: "ஏம் பாப்பா, ஆளெல்லாம் ஏன் இப்படிக் குண்டா இருக்கானுங்க?" அவர் கண்ணுக்கு ஒரு நொடியில் பட்டுவிட்டது. அந்த ஆட்டம் 384க்கு 224 புள்ளிகள் கொண்டது, ஆனால் அன்றைய 4:3 டிவிக்காக வரையப்பட்டது. அதை அகல டிவிக்கு இழுத்தால் எல்லாரும் பருத்துத்தான் தெரிவார்கள். அந்தப் பெட்டியில் அதை மாற்ற வழியே இல்லை. பத்தாயிரம் என்றதில் பாதிக்கு மேல் அதே ஆட்டங்களின் நகல்கள். மெட்டல் ஸ்லக் என்ற ஆட்டத்தில் ஒலி விட்டுவிட்டு வந்தது. ஏழாவது வாரம் பெட்டி ஆனாகவே இல்லை, கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். அந்த மாதிரிப் பெட்டிகளை வாங்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். மேம் தானாகவே 4:3 அளவில்தான் காட்டும், ஓரங்களைக் கறுப்பாக விட்டுவிடும்.

அப்புறம் பழைய அலுவலகக் கணினி ஒன்று வாங்கினேன். நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி நினைவகம், கை மாறியது, 9,000 ரூபாய். எண்பதுகள், தொண்ணூறுகளின் 2டி ஆட்டங்களுக்கு இது தாராளம். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த 3டி ஆட்டங்கள் சில இதில் திணறுகின்றன. மேம் வேகத்துக்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுக்காத மென்பொருள், அதனால் அவற்றுக்கு வலுவான பிராசசர் வேண்டும். எனக்கு அவை தேவைப்படவில்லை.

முதல் நாள் மேம் யாரையும் வரவேற்காது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். பதிவிறக்கி விரித்ததும் ஒரு பட்டியல் வரும், எதைத் தொட்டாலும் கோப்பு இல்லை என்று சொல்லும். ஏனென்றால் மேமோடு ஆட்டங்கள் வருவதில்லை. சிப்பிலிருந்து எடுத்த நிரலை ரோம் கோப்பு என்கிறார்கள். அது தனியாக இருக்க வேண்டும், மேம் எதிர்பார்க்கும் பெயரிலேயே இருக்க வேண்டும், பதிப்பும் பொருந்த வேண்டும். ஒரே ஆட்டத்தின் பல வடிவங்களில் ஒன்று தாய், மற்றவை கிளைகள். கிளைக்குப் பல சமயம் தாயின் கோப்பும் வேண்டும். இது புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. உரிமையாளர்களே இலவசமாகப் பயன்படுத்த அனுமதித்த சில பழைய ஆட்டங்கள் மேமின் தளத்திலேயே இருக்கின்றன. ராபி ரோட்டோ, கிரிட்லி போன்றவை. முதலில் அவற்றை வைத்துப் பழகுங்கள். 5ஐ அழுத்தினால் காயின், 1ஐ அழுத்தினால் ஸ்டார்ட், டேப் அழுத்தினால் அமைப்புகள். இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

விசைப்பலகையில் சண்டை ஆட்டம் ஆடவே முடியாது. இரண்டு பேர் ஒரே பலகையில் நான்கைந்து விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றிரண்டு பதிவாகாமல் போகும். அதனால் ஜாய்ஸ்டிக்குக்குக் கண்டிப்பாகச் செலவு செய்யுங்கள், கணினியில் மிச்சம் பிடித்தாவது. இரண்டு ஜாய்ஸ்டிக், இருபது பட்டன், யுஎஸ்பி இணைப்புப் பலகை இரண்டு சேர்ந்த கிட் எனக்கு 4,200 ரூபாய் ஆனது. தெருமுனைத் தச்சர் பிளைவுட்டில் பெட்டி அடித்துத் தந்தார், 1,800. பட்டன் துளைகளின் இடத்தை அப்பா ஒரு செய்தித்தாளில் தன் கையை விரித்து வைத்துப் பென்சிலால் குறித்தார். ஆறு பட்டனும் நேர்வரிசையில் இல்லை, விரல் மடங்கும் வளைவில் இருக்கின்றன. மூன்று மணி நேரம் ஆடியும் மணிக்கட்டு வலிக்கவில்லை.

ஒரு குறிப்பு. பேக்மேன், டான்கி காங் போன்றவை நான்கு திசை ஜாய்ஸ்டிக்குக்குச் செய்தவை. எட்டுத் திசையில் ஆடினால் மூலையில் திரும்பும்போது ஆள் மாட்டிக்கொள்வார். ஜாய்ஸ்டிக்கின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தகட்டைத் திருப்பிப் போட்டால் நான்கு திசையாகும் வகை கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

இப்போது எங்கள் போர்டுகளுக்கு வருகிறேன்.

அப்பாவின் முதல் போர்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர். கடையில் இதுதான் பிழைப்பே. குத்திக்கொண்டே வானத்தில் பறப்பார்கள், ரியூ காற்றில் இருந்தபடியே நெருப்புப் பந்து விடுவார், பந்து வளைந்து வளைந்து எதிராளியைத் துரத்தும், சண்டை நடுவில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஆளே மாறிவிடுவார். கென் என்ற ஆளாகக் குதித்துச் சாகட் என்ற ஆளாக இறங்கலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்றாலே இதுதான் என்று நினைத்திருந்தேன். வேறு ஊரில் தோழியின் வீட்டில் அசல் ஆட்டத்தைப் பார்த்தபோது ஏன் எதுவும் பறக்கவில்லை என்று புரியவில்லை.

மேமின் பட்டியலில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சாம்பியன் எடிஷனுக்குக் கீழே வரிசையாகக் கிளைகள். அதில் ஒன்று: 'ரெயின்போ, பூட்லெக்'. அதுதான் எங்கள் கடை ஆட்டம். 1992இல் காப்காம் நிறுவனம் வெளியிட்ட சாம்பியன் எடிஷனை அனுமதியில்லாமல் மாற்றிச் செய்த திருட்டுப் பதிப்பு. அந்தப் பதிப்பின் வேகம் மக்களுக்குப் பிடித்துப்போனதைக் கண்டுதான், அமெரிக்கக் காப்காமில் இருந்த ஜேம்ஸ் காடார்ட் வேகமான அதிகாரப்பூர்வப் பதிப்பு வேண்டும் என்று வாதாடினார். அதே ஆண்டு கடைசியில் ஹைப்பர் ஃபைட்டிங் என்ற அந்த வேகமான பதிப்பு வந்தது. திருட்டுப் பதிப்பைத் தள்ளிவிடாமல், அதற்கும் தனி வரி கொடுத்து, எந்தச் சிப்பில் எத்தனை பைட் என்றெல்லாம் மேம் எழுதி வைத்திருக்கிறது. நம் ஊர்க் கேம் கடைகளில் ஓடியவற்றில் பாதிக்கு மேல் இப்படிப்பட்ட போர்டுகள்தான் என்று அப்பா சொல்வார், அசல் போர்டின் விலைக்கு யாரால் வாங்க முடிந்தது? நிறுவனங்கள் வெளியிடும் தொகுப்புகளில் இவை ஒருநாளும் வராது. நாங்கள் ஆடியதை ஆடியபடியே வைத்திருப்பது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ரோம் கோப்பை இணையத்தில் தேடாமல் எங்கள் போர்டிலிருந்தே எடுக்கலாம் என்று எலக்ட்ரானிக்ஸ் தெரிந்த நண்பர் ஒருவர் சொன்னார். சிப்பைப் படிக்கும் யுஎஸ்பி கருவி அவரிடம் இருந்தது. சாக்கெட்டிலிருந்து சிப்பை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தால் நடுவில் சின்னக் கண்ணாடி ஜன்னல், உள்ளே மினுமினுக்கும் சிலிக்கான் துண்டு. அந்த ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளி பட்டால் நிரல் அழிந்துவிடும், அதற்காகத்தான் ஸ்டிக்கர். படித்து முடித்ததும் மேமின் வெரிஃபைரோம்ஸ் கட்டளையைக் கொடுத்தோம். இது ஒவ்வொரு கோப்பையும் தன்னிடம் உள்ள கணக்கோடு ஒப்பிடும், ஒரு பிட் மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சிப் மட்டும் தவறு என்று வந்தது. நண்பர் அதன் கால்களைப் பார்த்தார். கறுத்துப் போயிருந்தன. என் மகனின் பென்சில் பெட்டியிலிருந்து அழிப்பான் எடுத்து ஒவ்வொரு காலாகத் தேய்த்தார். மறுபடி படித்தார். மறுபடி கட்டளை. சரி என்று வந்தது. அப்பா அதுவரை நின்றுகொண்டே இருந்தார், அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இரண்டாவது போர்டு காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். 1993இல் வந்த காப்காம் ஆட்டம். நம் ஊரில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை, எல்லாருக்கும் அது முஸ்தஃபா கேம். ஜாக், ஹன்னா, மெஸ் என்று மூன்று பேர் கூட இருந்தாலும் பையன்கள் முஸ்தஃபாவுக்குத்தான் அடித்துக்கொள்வார்கள். நால்வரில் வேகமானவர் அவர். ஓடிப் போய் உதைத்தால் வரிசையாக விழுவார்கள்.

எங்கள் போர்டு இதிலும் பூட்லெக். காப்காமின் அசல் போர்டில் ஒலிப் பகுதியின் நிரல் பூட்டப்பட்டிருந்தது. அந்தப் பூட்டின் சாவி ஒரு பேட்டரியின் தயவில் சிப்புக்குள் இருக்கும், பேட்டரி தீர்ந்தால் சாவி போய்விடும். திருட்டுப் போர்டு செய்தவர்கள் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டு வேறு மலிவான சிப்களை வைத்தார்கள். எங்கள் போர்டில் ஒலியைக் கவனித்த சிப் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தது, நண்பரால் எடுக்க முடியவில்லை. படம் வந்தது, ஆட்டம் ஓடியது, ஒலி வரவில்லை. ஒலி முழுமையில்லை என்று தொடங்கும்போதே மேம் எச்சரிக்கையும் காட்டியது. குறையை மறைக்காமல் முன்கூட்டியே சொல்வது எனக்குப் பிடித்திருந்தது, ஆனாலும் ஏமாற்றம்தான். மூன்றாவது கட்டத்தில் காரை ஓட்டிக்கொண்டு ஆட்களை இடித்துத் தள்ளும்போது வரும் அந்தச் சத்தம் இல்லாமல் அது முஸ்தஃபா கேம் ஆகாது.

அசல் காடிலாக்ஸைக் காசு கொடுத்து வாங்கலாமா என்று பார்த்தேன். முடியாது. அது மார்க் ஷுல்ட்ஸின் ஜெனோஜோயிக் டேல்ஸ் என்ற காமிக்ஸை வைத்துச் செய்த ஆட்டம், கதாபாத்திரங்களின் உரிமை காப்காமிடம் இல்லை. 2018இல் காப்காம் தன் அடிதடி ஆட்டங்கள் ஏழைச் சேர்த்து வெளியிட்டது. ஃபைனல் ஃபைட் இருக்கிறது, கேப்டன் கமாண்டோ இருக்கிறது, காடிலாக்ஸ் இல்லை. இந்திய வீதிகளில் இத்தனை பேர் நேசித்த ஒரு ஆட்டத்தை முறையாக வாங்க வழியே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மேம் சட்டப்படி சுத்தமான மென்பொருள், ஆனால் இணையத்தில் கிடைக்கும் ரோம் கோப்புகள் அப்படியல்ல. விற்பனையில் இருப்பதைக் காசு கொடுத்து வாங்கி ஆடுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு அதே 2018இல் வந்த முப்பதாம் ஆண்டுத் தொகுப்பு நல்ல தொகுப்பு, நான் வாங்கியிருக்கிறேன்.

படமும் கைவேகமும் எப்படி என்று கேட்பவர்களுக்கு: பழைய மிஷின் நொடிக்கு 59.6 முறை படம் மாற்றும், நம் திரை 60 முறை. இந்தச் சின்ன வித்தியாசத்தால் பின்னணி நகரும்போது எப்போதாவது ஒரு துள்ளல் தெரியும். திரையோடு ஒத்துப்போகும் அமைப்பைப் போட்டால் போய்விடும், ஆட்டம் ஒரு துளி வேகமாகும், யாருக்கும் தெரியாது. பட்டனை அழுத்தியதற்கும் அடி விழுவதற்கும் இடையே தாமதம் தோன்றினால் லோ லேட்டன்சி என்ற அமைப்பைப் போடுங்கள், டிவியில் கேம் மோடையும் போடுங்கள். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் உதவியது. பழைய படக்குழாய் டிவி மாதிரி கோடு கோடாகக் காட்டும் வசதியும் இருக்கிறது. நான் போட்டதும் அப்பா, "அந்த டிவியத் துடைச்சுத் துடைச்சுக் கை தேஞ்சது போதும், எடுத்துடு" என்றார். எடுத்துவிட்டேன்.

மேமில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது தெரியுமா? டேப் மெனுவுக்குள் இருக்கும் டிப் ஸ்விட்சுகள். கடையில் போர்டின் மேல் வரிசையாகக் குட்டிக் குட்டி வெள்ளை ஸ்விட்சுகள் இருக்கும். அப்பா இரவில் ஊக்கு வைத்து அவற்றைத் தள்ளுவார், நான் டார்ச் பிடிப்பேன். என்ன செய்கிறார் என்று அப்போது தெரியாது. மேமில் அதே ஸ்விட்சுகள் பெயரோடு வருகின்றன. ஒரு காயினுக்கு எத்தனை ஆட்டம், கடினம் 0 முதல் 7 வரை. மெனுவைத் திறந்து அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"மூணுல இருந்தா ஒருத்தனே பத்து நிமிஷம் நிப்பான், பின்னாடி நிக்கிறவன் வீட்டுக்குப் போயிருவான். அஞ்சுல வச்சா அவனும் ஆடுவான், இவனும் ஆடுவான்" என்றார். அப்புறம், "பரீட்சை லீவுல மட்டும் மூணுக்கு இறக்கிருவேன். காசில்லாத பசங்க நிறைய வருவாங்க."

ஒன்பது வருடம் கல்லாவில் உட்கார்ந்தும் இது எனக்குத் தெரியாது.

கடைசியாக அந்தக் காயின் வாங்கி. அதற்கு மின்சாரமே வேண்டாம். காயின் உள்ளே சரியும்போது ஒரு கம்பியைத் தட்டும், கம்பி ஒரு சின்ன ஸ்விட்சை அழுத்தும், அவ்வளவுதான். ஸ்விட்சிலிருந்து இரண்டு ஒயரை எடுத்து யுஎஸ்பி பலகையில் காயினுக்கான இடத்தில் மாட்டி, டேப் மெனுவில் அதையே காயின் என்று பதிவு செய்தேன். பத்து நிமிட வேலை. இப்போது எங்கள் வீட்டில் 5ஐ அழுத்துவது கிடையாது.

ஆனால் இப்போது புழக்கத்தில் இருக்கும் ஒரு ரூபாய் அதில் நிற்பதில்லை. 2011இலிருந்து வந்தவை 22 மில்லிமீட்டர் அல்லது அதைவிடச் சின்னவை, கடைக் காலத்தில் இருந்தவை 25. சின்ன காயின் நேராக வெளியே விழுந்துவிடும். அதனால் அப்பா தினமும் பால், காய்கறி வாங்கிவிட்டு வந்ததும் சில்லறையை மேசையில் கொட்டிப் பழைய காயின்களைப் பொறுக்கித் தனியாக வைக்கிறார். இதுவரை பதினான்கு சேர்ந்திருக்கின்றன, அவற்றை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுப் பெட்டியின் மேல் வைத்திருக்கிறார். என் மகன் ஆட வந்தால் பாட்டிலிலிருந்து ஒன்றை எண்ணி எடுத்துக் கையில் கொடுக்கிறார். ஆட்டம் முடிந்ததும் அடிப்பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து மறுபடி எண்ணுகிறார்.